கைக்கு எட்டும் வரிசையில் பன்னிரண்டு தட்டுகள்

பாத்திரக்கடை கோவிந்தன் காலை வேளையில் யாரையும் தொலைபேசியில் அழைக்க மாட்டார். இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவருடைய அழைப்பு வந்தபோது, மருத்துவமனை நலக் குழுக் கூட்டம் தள்ளிப் போய்விட்டது போலும் என்று நினைத்தபடியே எடுத்தேன்.

"டாக்டரம்மா, நம்ம பேர் வெட்ற ஏழுமலை போய்ட்டாரும்மா" என்றார்.

முதல் நாள் மாலை கடையில் வேலை முடிந்து, மெஷினை உறையில் போட்டு வைத்துவிட்டுத் தொண்டூர்ப் பேருந்துக்காக நின்றிருக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "நம்ம தட்டுச் சொவத்துக்குக் கீழதாம்மா எறக்குனோம்" என்று சொல்லும்போது கோவிந்தனின் குரல் உடைந்தது.

நான் "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாவுச் செய்திக்குச் சொல்லும் பதில் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பதைக் கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் எனக்குப் பதினோரு ஆண்டுகள் கற்றுக்கொடுத்தார்கள். எழுபத்தேழு வயதில், அன்று காலை, அவற்றில் ஒரு வாக்கியமும் நினைவுக்கு வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று கொடுப்பதற்காக அச்சிடும் இந்தச் சிறு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று கோவிந்தன் கேட்டுக்கொண்டார். என்னைவிட அவரை நன்றாக அறிந்தவர் ஊரில் யார் என்றார். அவரை எனக்கு நன்றாகவே தெரியும். எழுதுவது சிரமமாக இருப்பதற்கும் அதுவே காரணம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை முழுவதும் ஏழுமலையை 'அவர்' என்று எழுதியிருக்கிறேன். அவர் உயிரோடு இருந்தவரை 'வா ஏழுமலை', 'போ ஏழுமலை' என்றுதான் அழைத்தேன். அவர் என்னைவிட எட்டு வயதுதான் இளையவர்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செஞ்சிக் கடைத்தெருவில் கோவிந்தனின் கடை வாசலில், வலது பக்கத்தில், ஒரு மணையில் உட்கார்ந்து பாத்திரங்களில் பெயர் வெட்டியவர் ஏழுமலை. கோவிந்தனின் தகப்பனார் காலத்தில் உளியும் சுத்தியலுமாக அங்கே வந்து உட்கார்ந்தார். மின்சார மெஷின் வந்ததும் அதற்கு மாறிக்கொண்டார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள். கல்யாணச் சீர் அண்டா, காதுகுத்துக்கு மாமன் கொடுக்கும் தட்டு, புதுமனைக் குடம் என்று இந்த வட்டாரத்தில் அவர் எழுத்து இல்லாத அடுப்படி குறைவு. தொண்டூரில் சொந்த நிலம் ஒரு சென்ட்கூட இல்லாத குடும்பத்தில் பிறந்தவர். மனைவி சீக்கிரமே போய்விட, ஒரே மகள் சத்யாவைத் தனியாக வளர்த்துப் படிக்கவைத்தார். சத்யா இப்போது புதுச்சேரியில் செவிலியராக இருக்கிறார்.

அவருக்கு ஒரு விதி உண்டு. பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தால் வாங்கமாட்டார். "சொல்லுங்க" என்பார். நாம் வாயால் சொல்ல வேண்டும். அவர் ஒருமுறை திருப்பிச் சொல்வார். நாம் தலையசைத்த பிறகுதான் மெஷின் பாத்திரத்தைத் தொடும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர், அதை மறைக்கிறார் என்று சிலர் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். உண்மையில் நாளிதழை விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் வாசிப்பவர் அவர். பிறகு ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். "தாள்ல எழுதுனத யாரு வேணா குடுத்து வுடலாம்மா. வாயால சொல்றவங்களுக்கு அந்தப் பேரு மேல அக்கறை இருக்குது" என்றார்.

மருத்துவமனைச் சுவர் அவர் கைவேலை. திருவண்ணாமலை சாலையில் போகிற எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். புதிய மகப்பேறுக் கட்டடம் எழும்பியபோது அதன் முகப்பு முழுவதையும் ஒரு கலைப் படைப்பாக்கலாம் என்று யோசனை வந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் சிற்பி திட்டம் வரைந்து தந்தார். மூன்று மாடி உயரத்துக்குக் கம்பி வடங்களைக் கட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்ட எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டுகளைத் தொங்கவிட வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் இந்த மருத்துவமனையில் பிள்ளை பெற்ற ஒரு தாயின் பெயரும் அவர் ஊரும் இருக்கும். பளபளப்பான தட்டுகளும் மங்கலாகத் தேய்த்த தட்டுகளும் கலந்து, தூரத்திலிருந்து பார்க்கும்போது நம் கோட்டையின் மூன்று மலைகளாகத் தெரியும். காற்றடித்தால் மலைகள் அசையும்.

நலக் குழுவில் நான் இருந்தது என் கணவரால். டாக்டர் நடராஜன் அந்த மருத்துவமனையில் இரண்டு முறை பணிபுரிந்தவர். ஓய்வுக்குப் பின் இந்த ஊரிலேயே வீடு கட்டினோம். அவர் மறைந்ததும் அவருடைய இடத்தில் என்னை அமர்த்தினார்கள். ஊருக்கு நான் டாக்டரம்மா. கடிதங்களில் 'திருமதி நடராஜன்' என்று கையெழுத்திடுவேன்; கான்வென்ட்டில் பழகியது. என் சொந்தப் பெயரைச் சொல்லி அழைக்க இன்று யாரும் உயிரோடு இல்லை. குழுவில் இருந்தவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியாது.

பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். ஒப்புதல் தந்த தாய்மார்களின் பெயர்களை மருத்துவமனைப் பதிவேடுகளோடு ஒத்துப் பார்த்து எழுதினேன். ஒரு நிபந்தனையையும் வகுத்தேன்: பிள்ளையோடு வீடு திரும்பியவர்கள் பெயர் மட்டுமே சேரும். பிரசவத்துக்கு வருகிற பெண்கள் பார்க்கிற சுவரில் துக்கம் எதற்கு என்று குழுவில் விளக்கினேன். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். நான் சொன்னால் ஏற்றுக்கொள்வது அவர்கள் வழக்கம்.

பட்டியலை ஏழுமலையிடம் நீட்டியபோது அவர் கையை நீட்டவில்லை. "யாராச்சும் சொல்லணும்மா" என்றார். ஆயிரம் பெயரையுமா என்று கேட்டேன். "ஆயிரம் பேரும் பெத்தாங்க இல்ல?" என்றார். வேறு யாருக்கும் நேரமில்லை. ஆகவே ஐந்து மாதங்கள், தினமும் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை, பழைய கட்டடத்தின் பின்பக்க வராந்தாவில் நான் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன். அவர் தரையில் மணை போட்டு உட்கார்ந்து, திருப்பிச் சொல்லி, வெட்டினார். ஐந்து மாதங்களில் ஒருநாளும் இன்னொரு நாற்காலி கொண்டுவரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பேச்சில் குறும்பு உள்ளவர். ஒருநாள் "செல்வி, அனந்தபுரம்" என்று வாசித்தேன். அடுத்தது "செல்வி, மண்டகப்பட்டு." அதற்கடுத்ததும் செல்வி. "இன்னாம்மா இது, மெஷினுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. நான் கொஞ்சம் படுக்கறேன், அதுவே வெட்டிக்கும்" என்றார். சில பெயர்களைக் கேட்டதும் நிமிர்ந்து பார்ப்பார்: "இந்த அம்மா கல்யாணத்துக்கு நான்தான் கொடத்துல பேர் வெட்னேன். இப்ப பிள்ளைக்கு வந்துட்டாங்களா?"

ஒரு பெயரில் நான் நின்றேன். 'போதும்பொண்ணு' என்று இருந்தது. மகன் வேண்டுமென்று காத்திருந்த வீட்டில் இன்னொரு பெண் பிறந்தால் வைக்கிற பெயர். இதையெல்லாமா மருத்துவமனை முகப்பில் மாட்டுவது என்று முகம் சுளித்தேன். அவர் மெஷினை நிறுத்தினார். "அவங்களக் கேட்டா வச்சாங்க? வூட்டுல கூப்புடும்போது எப்படி இருந்திச்சோ. இங்கயாச்சும் ஒசரத்துல இருக்கட்டும்மா" என்றார். அந்தத் தட்டு நடு மலையின் உச்சியில் இருக்கிறது. அந்த இடம் அவர் தேர்ந்தெடுத்தது.

தேநீர் விஷயத்தையும் எழுத வேண்டும். நான் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் கொண்டுபோவேன். எனக்குப் பீங்கான் கோப்பை, அவருக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர். அந்த டம்ளரை மற்றவற்றோடு கலக்காமல் பின்கட்டு அலமாரியில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தேன். சுத்தத்துக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவரிடம் எதுவும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்துகொள்கிற வாழ்க்கை அவருடையது. இரண்டாம் மாதத்தில் ஒருநாள், குடித்து முடித்த டம்ளரைக் கழுவித் துடைத்து, திருப்பி, மெஷினை வைத்தார். விளிம்பில் 'ஏழுமலை' என்று வெட்டி என்னிடம் நீட்டினார்.

"இனிமே மாறிப் போவாதும்மா" என்றார்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. வேலை செய்து முடித்த முகம்தான். நான் நன்றி என்றேன். நன்றி! மறுநாளும் அதே டம்ளரில்தான் கொண்டுபோனேன்.

தட்டுகள் ஏறத் தொடங்கியபோது ஊரே நின்று பார்த்தது. வெயில் பட்டுக் கண் கூசுகிறது, வண்டி ஓட்ட முடியவில்லை என்று ஒரு பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்து சண்டை போட்டார். சாலையைப் பார்த்த தட்டுகளை ஏழுமலை ஒவ்வொன்றாக இறக்கி மங்கலாகத் தேய்த்து ஏற்றினார். கோட்டைக் குரங்குகள் வந்து வடங்களைப் பிடித்து உலுக்கின. உள்ளே தாய்மார்கள் அலறினார்கள். "அதுங்களும் பெத்ததுங்கதான, பேர் எங்கன்னு கேக்குதுங்க" என்று கீழே நின்று அவர் சொல்ல, செவிலியர்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலை. கடைசி வரிசை மட்டும் மாட்ட வேண்டியிருந்தது. தரையில் நிற்கிறவர் கைக்கு எட்டுகிற வரிசை அது. தட்டுகள் வராந்தாவில் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. நான் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பெயரைப் படித்ததும் நின்றேன். பட்டியலில் இல்லை, அதைவிட, நான் அதை வாசித்ததே இல்லை. அடுத்ததும் அப்படி. வாசிக்காத பெயர்கள் பன்னிரண்டு இருந்தன.

யார் இவர்கள் என்று கேட்டேன்.

"பட்டியல்ல பிள்ளையத் தூக்கினு வூட்டுக்குப் போனவங்க பேருதாம்மா இருக்குது" என்றார். "இவங்க வெறுங்கையோட போனவங்க. கடைக்கு வந்து கேட்டாங்க, நாங்களும் இங்கதான பெத்தோம்னு. அவங்களே வாயால சொன்னாங்க. வெட்டிட்டேன்."

மேலே இருக்கும் பெயர்களைக் கீழிருந்து படிக்க முடியாது, அவர்களுக்கு அது பரவாயில்லை, வீட்டில் பிள்ளை இருக்கிறது; இவர்களுக்குத் தொட்டுப் பார்க்கிற உயரத்தில் இருக்கட்டும் என்றுதான் கடைசி வரிசைக்கு வைத்தேன் என்றார். நான் அதற்குள் பன்னிரண்டாவது தட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

'வேதவல்லி, செஞ்சி.'

என் பெயர் வேதவல்லி.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கணவருக்கு முதல் முறை இந்த ஊருக்கு மாற்றலாகி நாங்கள் வந்து இறங்கிய மாதம், யாரும் எங்களைப் பார்த்துப் பழகுவதற்கு முன்பே, ஏழாம் மாதத்தில் இதே மருத்துவமனையில் எனக்குப் பிரசவம் ஆனது. விடியற்காலையில் ஒரு பெண் குழந்தை. பகல் வரை இருந்தாள். பிரசவம் பார்த்த செவிலியர் எப்போதோ காலமாகிவிட்டார். அதன் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. 'பிள்ளைங்க எத்தனை?' என்று கேட்டவர்களிடமெல்லாம் இல்லை என்றேன். பரிதாபப் பார்வை எனக்கு ஆகாது.

உனக்கு இந்தப் பெயரை யார் சொன்னது என்று கேட்டேன்.

"ஐயா சொன்ன பேரும்மா" என்றார். "நான் கடையில உக்காந்து ஒரு மாசம்கூட ஆவல. காலையில கடை தொறக்கும்போதே ஓடியாந்தாரு. ஒரு சின்னக் கிண்ணம் வாங்கினு, பேரு இன்னும் வைக்கலப்பா, வேதவல்லி மகள்னு வெட்டுன்னாரு. சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பும்மா. மறுநாள் கிண்ணத்தை எடுத்தாந்து எங்கிட்டயே குடுத்துட்டாரு. யார்கிட்டயும் சொல்லாதப்பான்னாரு. சொல்லல."

என் கணவர் அந்தக் காலை கடைக்கு ஓடியதை ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, வராந்தாவில், தரையில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். வேறு ஒரு பெண்ணாக இருந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். நான் பட்டியலை மடித்தேன். என்னை யாரோ ஆடையில்லாமல் பார்த்துவிட்டது போல எனக்குச் சினம் வந்தது. நேரே குழுவிடம் போனேன். அனுமதியில்லாத பன்னிரண்டு தட்டுகள் இருக்கின்றன, எடுக்க வேண்டும் என்றேன்.

மருத்துவ அதிகாரியும் கோவிந்தனும் மற்றவர்களும் வராந்தாவுக்கு வந்தார்கள். "இன்னா ஏழுமலை, யாரு இவங்கல்லாம்?" என்று கோவிந்தன் கேட்டார். ஏழுமலை வாயைத் திறப்பதற்குள் நான் பேசினேன். அன்று நான் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"அவனுக்கு வேண்டியவங்களா இருக்கும்."

ஏழுமலை என்னைப் பார்த்தார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு ஒரு வாக்கியம் போதும். இவர்கள் என்ன ஆனவர்கள் என்று சொல்லியிருந்தால் பன்னிரண்டு பெயரையும் ஒவ்வொன்றாக விசாரித்திருப்பார்கள். பன்னிரண்டாவது யார் என்று கேட்டிருப்பார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதாங்க. எடுத்துட்றேன்" என்றார்.

தீர்மானப் புத்தகத்தில் என் கையால் எழுதினேன்: 'பெயர் வெட்டுபவர் தம் உறவினர் பெயர்களைச் சேர்த்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டது.' மறுநாள் விழா நிரலில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக இருந்தது. அந்த வரியை அடித்ததும் என் பேனாதான்.

விழா மேடையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் கலைகிற நேரத்தில், நீலப் புடவை கட்டிய ஒரு பெண் சுவரின் கீழ் வரிசையை இடமிருந்து வலமாக, தட்டு தட்டாகத் தொட்டுப் படித்துக்கொண்டே போனார். கடைசி வரை போய், வலமிருந்து இடமாகத் திரும்பி வந்தார். காலியாக இருந்த கொக்கிகளின் அருகே நின்றார். ஓரமாக நின்றிருந்த ஏழுமலை அவரிடம் போய்க் கைகூப்பி ஏதோ சொன்னார். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேருந்து நிறுத்தம் பக்கம் போனார். அன்று இன்னும் சிலர் அப்படி வந்திருப்பார்கள். ஒருவரைப் பார்த்ததும் நான் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

தன் சாதிசனத்தைக் கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டப் பார்த்தாராம் என்று ஊர் பேசியது. கடைக்கு வருகிறவர்கள், 'என் மாமியார் பேரையும் ஆஸ்பத்திரியில மாட்டிவுடேன் ஏழுமலை' என்று கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டு 'சொல்லுங்க' என்பாராம். மாதம் ஒருமுறை மருத்துவமனைக்கு வந்து வடங்களைச் சரிபார்ப்பதை நிறுத்தவில்லை. காலிக் கொக்கிகளில் வேறு தட்டு மாட்டச் சொன்னபோது மட்டும், "காத்து போறதுக்கு வழி வுட்டிருக்கோம்" என்று தட்டிக் கழித்தார். மருத்துவ அதிகாரி அதைப் பொறியியல் விஷயம் என்று நம்பிவிட்டார்.

என்னை வழியில் கண்டால் கைகூப்புவார். நான் தலையசைப்பேன். ஒருமுறை உறவினர் கல்யாணத்துக்காக ஒரு குடம் வாங்கி, பெயரைத் தாளில் எழுதி, வேலைக்கார அம்மாளிடம் கொடுத்தனுப்பினேன். குடம் வெட்டாமல் திரும்பி வந்தது. "டாக்டரம்மா வந்து சொன்னா வெட்றேன்னு சொல்லிட்டாரும்மா" என்றார் அந்த அம்மாள். அவர் எனக்குத் திறந்து வைத்த கதவு அது. நான் குடத்தை விழுப்புரத்துக்கு அனுப்பி வெட்டிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின.

அடக்கத்துக்குத் தொண்டூர் போயிருந்தேன். தெரு முனையில் காரை நிறுத்தச் சொல்லி நடந்தேன். அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுவே முதல் முறை. அங்கே எனக்கென்று ஒரு நாற்காலி கொண்டுவந்து, துணியால் துடைத்துப் போட்டார்கள். உட்கார்ந்தேன். கோவிந்தன் இரண்டு வார்த்தை பேசினார். கைசுத்தமான மனிதர், கல்யாண அவசரத்திலும் ஒரு எழுத்துப் பிசகாதவர் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "ஆஸ்பத்திரி விஷயத்துல ஒரு சின்ன சறுக்கல், அத வுட்டுடுங்க, மனுசன்தான" என்று முடித்தார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்ல அதைவிடப் பொருத்தமான நேரம் எனக்கு வாய்த்திருக்காது. நான் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் சத்யா என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு வேட்டித் துணி மூட்டை. "எனக்கு ஏதாச்சும்னா இத டாக்டரம்மா கையில குடுத்துடுன்னு நைனா சொல்லி வச்சிருந்தாரு" என்றார். அவிழ்த்தபோது பன்னிரண்டு தட்டுகளும், அவற்றின் மேல் ஒரு சின்னக் கிண்ணமும் இருந்தன. வீட்டில் எத்தனை விருந்தாளி வந்தாலும் அந்தத் தட்டுகளில் சாப்பிட விடமாட்டாராம்.

"ஒன்னு கேக்கணும்மா" என்றார் சத்யா. "எல்லாம் எங்க சொந்தக்காரங்க பேருன்னு ஊரே சொல்லுது. நானும் ஒவ்வொரு பேரா படிச்சுப் பாத்துட்டேன். எங்க சொந்தத்துல இதுல ஒருத்தர்கூட இல்லையே. யாரும்மா இவங்க?"

சொன்னேன். பதினொரு பேரைப் பற்றிச் சொன்னேன், பிறகு பன்னிரண்டாவதை. கிண்ணத்தைத் திருப்பி அதில் இருந்ததை அவருக்குக் காட்டினேன். என் வாழ்நாளில் இதை நான் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

சத்யா கிண்ணத்தை வாங்கி அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். "ரெண்டு வருசம்மா" என்றார் கடைசியில். "பஸ்ல கேலி பண்ணாங்க. நான் லீவுல வந்தா என்னையும் கேப்பாங்க. ஏன் நைனா இப்படிப் பண்ணேன்னு நானே சண்டை போட்டிருக்கேன். அப்பகூட வாயத் தொறக்கல." நான் கொண்டுவந்து வைத்த காபியை அவர் தொடவில்லை. அது அவருடைய உரிமை. மூட்டைத் துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் குழுவைக் கூட்டச் சொன்னேன். அதே அறை, அதே மனிதர்கள். இங்கே எழுதியதை அங்கே நின்றுகொண்டு சொன்னேன். கோவிந்தன் தலையில் கை வைத்துக்கொண்டார்; "சாவு வீட்டுல நான் அப்படிப் பேசிட்டேனேம்மா" என்றார். தீர்மானப் புத்தகத்தை வாங்கி, நான் எழுதிய வரியை ஒரே கோட்டால் அடித்தேன். கோட்டுக்கு அடியில் இருப்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக அழுத்தி அடிக்கவில்லை. அதன் கீழே, 'இது பொய். இதை எழுதியவள் பொய் என்று அறிந்தே எழுதினாள்' என்று எழுதினேன். திருமதி நடராஜன் என்று கையெழுத்திடவில்லை. நான் வகுத்த நிபந்தனையையும் நீக்கிவிட்டோம்.

பதினொரு பேரையும் தேடிக் கேட்காமல் தட்டுகளை மீண்டும் மாட்டக் கூடாது என்று சத்யா சொல்லியனுப்பினார். தந்தைக்கேற்ற மகள். இருவரும் சேர்ந்து போனோம். இருவர் இறந்துவிட்டிருந்தார்கள்; அவர்கள் வீட்டார் சம்மதித்தார்கள். நீலப் புடவைக்காரர் அனந்தபுரத்தில் இருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அவரு அன்னிக்குக் கையக் கூப்பினு, என் தப்பும்மா, உங்க பேர நான் சரியா மாட்டலன்னாரு" என்றார். எனக்கு உட்கார இடம் கொடுத்தார். எந்த வார்த்தையும் கொடுக்கவில்லை. அந்தப் பதினொரு பெயர்களை இங்கே நான் எழுதவில்லை. அவற்றைப் படிக்க வேண்டுமானால் மருத்துவமனைக்குப் போய்ப் படியுங்கள். இனி அவை கைக்கு எட்டும்.

நேற்றுக் காலை தட்டுகளை மாட்டினோம். வந்தவர்கள் ஒவ்வொருவரும் தம் தட்டைத் தாமே கொக்கியில் கோத்தார்கள். மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கடைசியில் ஒரு கொக்கி இருந்தது. சத்யா பன்னிரண்டாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை என்னிடம் நீட்டினார், ஆனால் விடவில்லை. விளிம்பின் ஒரு பக்கத்தை அவரும் மறுபக்கத்தை நானும் பிடித்திருந்தோம்.

"சொல்லுங்கம்மா" என்றார்.

கோவிந்தன், மருத்துவ அதிகாரி, செவிலியர்கள், ஜன்னலில் நின்ற தாய்மார்கள், சாலையில் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்.

"வேதவல்லி, செஞ்சி."

சத்யா ஒருமுறை திருப்பிச் சொன்னார். நான் தலையசைத்தேன். அவர் கையை எடுத்தார்.

ஏழுமலை அவர்களே, என் பெயரை ஐம்பது ஆண்டுகள் எனக்காக வைத்திருந்தீர்கள். உங்கள் பெயரை ஒரு காலை நேரத்தில் நான் பாழாக்கினேன். திருப்பித் தர முடிந்தது இவ்வளவுதான். நீங்கள் கேட்க இல்லாதபோதுதான் தருகிறேன். உங்கள் பெயர் வெட்டிய டம்ளர் என் வீட்டில் இருக்கிறது. இப்போது அது பின்கட்டு அலமாரியில் இல்லை. போய் வாருங்கள், ஐயா.

வேதவல்லி
செஞ்சி